பாலக்கோட்டு வாசகர்களுக்குச் சில புத்தகங்கள்

அன்புள்ள அய்யா,

வணக்கம். பாலக்கோட்டில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம். ஆசிரியைகள், ஒரு கிராம சுகாதார செவிலியர், ஓசூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் ஒரு பெண், ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். படம் பார்த்த சூட்டில் 'பொன்னியின் செல்வ'னையே முதலில் எடுத்தோம். மாதம் ஒரு பாகம் என்று பேச்சு. மூன்றாம் பாகம் வருவதற்குள் மூன்று பேர்தான் மிஞ்சினோம். அப்புறம் ஆளாளுக்கு 'படித்தே ஆக வேண்டிய நூறு நாவல்கள்' என்று பட்டியல் அனுப்புகிறார்கள். பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. பட்டியல் வேண்டாம், உங்களுக்குப் பிடித்த நாவல்கள், தன்வரலாறுகள் சிலவற்றை மட்டும் சொல்லுங்கள்.

இரண்டு பேருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஓட்டுநர் அண்ணன், "தஞ்சாவூரு வருது, மதுர வருது, நம்மூரு எந்தக் கதையிலயும் வர்றதில்லையே, ஏன்?" என்கிறார். செவிலியர் அக்கா, "நடந்தத எழுதினா படிக்கலாம். ஒருத்தரு கற்பனையா எழுதுனத எதுக்கு உக்காந்து படிக்கணும்?" என்கிறார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ம., பாலக்கோடு

அன்புள்ள ம.,

உங்கள் கூட்டம் கலைந்ததற்குக் கல்கி பொறுப்பில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950இலிருந்து 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்த தொடர். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் யாரோ கதவைத் தட்டுவதும், விளக்கு அணைவதும், நிழல் தெரிவதும் ஒரு வாரம் வாசகரைக் காக்க வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு. மூன்றரை வருடம் ஆறப்போட்டுப் படித்ததை நீங்கள் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து மாதம் ஒரு பாகம் என்றால் யாராக இருந்தாலும் ஓடிப்போவார்கள். தொடராக வந்ததைத் தொடராகவே படியுங்கள். மிஞ்சிய மூன்று பேரும் வாரத்துக்கு நாலைந்து அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் சுகமாக முடிப்பீர்கள்.

தொடர் என்றதும் எனக்கு மிகப் பிடித்த தன்வரலாறு நினைவுக்கு வருகிறது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. இதுவும் ஆனந்த விகடனில் 1940 முதல் வாரா வாரம் வந்ததுதான். 1942இல் ஐயர் காலமானபோது கதை பாதியில் நின்றது, 122 அத்தியாயங்கள். புத்தகத்தின் கனத்தைப் பார்த்துப் பலர் பயந்துபோய் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அவசியமில்லை. ஒவ்வொரு அத்தியாயமும் சில பக்கங்கள்தான். கூட்டம் தொடங்கும்போது யாராவது ஒருவர் ஓர் அத்தியாயத்தை உரக்கப் படிக்கலாம். முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கவும் வேண்டாம். 'என்ன பிரயோசனம்?' என்ற அத்தியாயத்தை முதலில் எடுங்கள்.

1880ஆம் வருடம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் ஐயர். (நம் தருமபுரி மாவட்டம் 1965 வரை சேலத்தோடு இருந்தது. அந்த உரிமையில் முதலியாரை நம்மூர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை.) என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அல்லவா, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று வரிசையாக அடுக்குகிறார். எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்பதுபோல உட்கார்ந்திருக்கிறார். பிறகு சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் இவற்றைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் படித்ததில்லை, ஏட்டைக்கூடப் பார்த்ததில்லை.

தமிழில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்த புத்தகப் பரிந்துரைகளில் இதற்கு மேலான ஒன்றை நான் அறியேன். படித்து ரசித்ததை எடுத்துக் கொடுப்பது நாம் எல்லோரும் செய்வது. முதலியாரோ தான் படிக்க ஆசைப்பட்டு, பாடம் சொல்ல ஆள் கிடைக்காமல் வைத்திருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். ஏழு வருடம் கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது. உங்கள் கூட்டத்திலும் அப்படி யாராவது தனக்குப் புரியாத, ஆனால் விட மனமில்லாத புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தால் தடுக்காதீர்கள்.

சரி, ஓட்டுநர் அண்ணன் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காவிரி ஒகேனக்கல்லில் நம் மண்ணைத் தொட்டுத்தான் கீழே போகிறது. நாவல்கள் என்னவோ கும்பகோணம் போன பிறகுதான் அதைக் கவனித்தன. எழுதுகிறவர்கள் இங்கே இல்லாமல் இல்லை. ஆதவன் தீட்சண்யாவும் பா.வெங்கடேசனும் ஓசூரில் இருந்துகொண்டுதான் எழுதுகிறார்கள். ஆதவனின் சிறுகதைகளைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அந்த நக்கல் அவர்களுக்குப் பிடிக்கும். வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை' நான் பெரிதாக மதிக்கும் நாவல், ஆனால் இப்போது வேண்டாம். உங்கள் கூட்டம் மறுபடியும் மூன்று பேராகிவிடும்.

நம்மூர்ப் பெயர்கள் அச்சில் வர வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் கென்னத் ஆண்டர்சன் இருக்கிறார். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர், ஆங்கிலத்தில் எழுதினார். 1954இல் வந்த முதல் புத்தகத்திலேயே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியும் கும்மளாபுரத்துச் சிறுத்தையும் வந்துவிடுகின்றன. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் என்று அண்ணன் வண்டி ஓட்டிய பாதையெல்லாம் மாட்டுவண்டித் தடமாக இருந்த காலம். வேட்டைப் பெருமையும் துரைத்தனமும் அங்கங்கே துருத்திக்கொண்டு நிற்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவரிடம் பிடித்தது, தனக்குக் காட்டைச் சொல்லித் தந்த ஆட்களின் பெயரை மறைக்காததுதான். சின்னாற்றங்கரைப் பூசாரி பைராவும் பென்னாகரத்து ரங்காவும் புத்தகத்துக்குப் புத்தகம் வருகிறார்கள். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியை ஒருவர் ஒரு கதையைப் படித்துவந்து தமிழில் சொல்லட்டும். காட்டுக் கதையை வாயால் சொல்லிக் கேட்பதே நன்றாக இருக்கும்.

ஆனால் அண்ணனுக்கு நான் கொடுக்க நினைப்பது வேறு புத்தகம். அதில் தருமபுரி என்ற பெயரே வராது. பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா.முருகவேள் தமிழில் தந்த 'எரியும் பனிக்காடு'. பாலாவின் 'பரதேசி' இதைத் தழுவி எடுத்ததுதான். டேனியல் வால்பாறை எஸ்டேட்டுகளில் மருத்துவராக இருந்தவர். மழை பொய்த்த திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதி தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறான், இனிக்க இனிக்கப் பேசுகிறான். அங்கே போன பிறகு குளிர், மலேரியா, தீராத கடன். கூலி கணக்குப் பார்க்கும் நாளில் கையில் எதுவும் மிஞ்சாது. ஞாயிறு ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் மம்பட்டியும் சாந்துச் சட்டியும் சாக்கில் கட்டி ஏற்றிக்கொண்டு, கைக்குழந்தையோடு நின்றபடியே போன சனத்தை அண்ணன் எத்தனை வருடம் கண்ணாடியில் பார்த்திருப்பார்! அந்தச் சனத்துக்கும் மேஸ்திரி உண்டு, முன்பணம் உண்டு. முதல் சில அத்தியாயங்களை அவர் படித்துவிட்டு, இது நம்மூர்க் கதை இல்லை என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

இதே கணக்கில்தான் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யும். 2000இல் வந்த நாவல். பண்ணையத்துக்கு விடப்பட்ட ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகம். மேட்டுக்காடு, பனை, கிணறு, பழைய சோறு, அடி, நடுநடுவே விளையாட்டு. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பேச்சு நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் கூட்டத்தில் இருந்தால் கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தை முதலில் அவர்களிடம் கொடுங்கள். நூறு வயதைத் தாண்டிய பாட்டி, தன் கூட்டம் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி ஓடிவந்த கதையைச் சொல்வாள். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அதுபோல ஒரு கதை இருக்கிறது, கேட்டு எழுதத்தான் ஆளில்லை.

செவிலியர் அக்காவின் கேள்விதான் எனக்குக் கஷ்டமானது. நடந்ததுதான் வேண்டும் என்கிறார். அப்படியானால் பாமாவின் 'கருக்கு' (1992) கொடுங்கள். சின்னப் புத்தகம், பேச்சு மொழி, இரண்டு ராத்திரியில் முடித்துவிடுவார். அடுத்து கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறு 'ஊரும் சேரியும்', பாவண்ணன் மொழிபெயர்ப்பு. பசியும் சாதியும் பக்கத்துக்குப் பக்கம் வரும், ஆனால் படிக்கிறவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பார். சிரித்து முடித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று சங்கடமாக இருக்கும். தன் துயரத்தைச் சொல்லும்போது கேட்கிறவரின் இரக்கத்தை ஒரு சொல்லால்கூட யாசிக்காத எழுத்து. தன்வரலாறு என்றாலே தற்பெருமை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் எடுத்து நீட்டுங்கள். மாகடிப் பக்கத்துக் கிராமமும் பெங்களூர்ச் சேரியும் ஓசூரிலிருந்து எவ்வளவு தூரம்? தஞ்சாவூரைவிடப் பக்கம்தானே. நம் அலமாரியில் கன்னடத்திலிருந்து வந்த புத்தகங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அக்கா இவற்றைப் படித்து முடித்த பிறகு ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'யைக் கையில் கொடுங்கள். 2004இல் வந்தது. பாப்பாரப்பட்டியில் வீரப்பன் கதை முடிந்ததும் அதே வருடம்தான். பாலமுருகன் மனித உரிமை வழக்குகளில் வேலை செய்த வழக்கறிஞர். வீரப்பனைத் தேடிய போலீஸ் வேட்டையில் மலைமக்கள் பட்டதையெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டவர். அவர் நினைத்திருந்தால் வாக்குமூலங்களைத் தொகுத்தே ஒரு புத்தகம் போட்டிருக்கலாம். அவர் நாவல் எழுதினார். பாதி நாவல் வரைக்கும் போலீஸ் முகாமின் கொடுமைகள் வருவதே இல்லை. தேன் எடுப்பது, கேழ்வரகுக் காட்டுக்குக் காவல் இருப்பது, சாமி முன்னால் ஆடுவது, நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போவது என்று ஒரு தொட்டியின், அதாவது சோளகர் பழங்குடிகளின் சிற்றூர் ஒன்றின், வாழ்க்கைதான் வருகிறது. அதன் பிறகுதான் முகாம்.

நம் மாவட்டத்து வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூனில் வனத்துறையினரும் போலீசும் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்து மக்களைக் கொடுமைப்படுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொன்னது. அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்ள அந்தத் தீர்ப்பு போதும், அக்கா சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் அதற்கு முந்தைய வருடம் அந்த ஊரில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள், யார் வீட்டுக் குழந்தை நடக்கத் தொடங்கியது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதையெல்லாம் எந்த நீதிமன்றமும் கேட்காது, கேட்கவும் முடியாது. பாலமுருகன் நாவலின் முதல் பாதி அந்த மாதிரி விஷயங்களால் ஆனது. அதனால்தான் பின்பாதியில் அடி விழும்போது நமக்குத் தெரிந்த ஒருவர்மேல் விழுகிறது. அக்காவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பின்பாதி மிகக் கொடுமையானது. பெண்களுக்கு நடப்பவற்றை ஒளிக்காமல் சொல்லும். கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். கூட்டத்தில் அந்தப் பகுதிகளை உரக்கப் படிக்க வேண்டாம், அவரவர் வீட்டில் படித்துவிட்டு வரட்டும்.

ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவருக்கு என்ன பிடிக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. அவரையே கேளுங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 'என் சரித்திரம்' மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது, கைப்பேசியிலேயே படிக்கலாம். மற்றவற்றை நூலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். 'எரியும் பனிக்காடு' என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. கிருஷ்ணகிரி பக்கம் யாராவது வந்தால் ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாம். ஓட்டுநர் அண்ணனே வந்தால் இன்னும் நல்லது, அவரிடம் எனக்கும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.