பிளாங்க் கரைசல்: கேட்டவர்களுக்குப் பதில்

முதுகலை மாணவி: பெனாந்த்ரோலின் முறையில் (இரும்போடு சேர்ந்து நிறம் தரும் பொருள்) இரும்பை அளக்கிறேன். வெறும் டிஸ்டில்டு வாட்டரை வைத்தே கருவியைப் பூஜ்யம் செய்துவிடலாமா?

வேண்டாம் அம்மா. பஃபருக்கு (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) போடும் அம்மோனியம் அசிடேட் நல்ல தரமாக இருந்தாலும் அதிலேயே கொஞ்சம் இரும்பு இருக்கும். வெறும் தண்ணீரில் பூஜ்யம் செய்தால் அந்த இரும்பும் மாதிரியின் கணக்கில் ஏறிவிடும். அமிலம், ஹைட்ராக்சிலமைன், பஃபர், பெனாந்த்ரோலின் எல்லாவற்றையும் அதே அளவில் டிஸ்டில்டு வாட்டரில் சேருங்கள். மாதிரியைப் போலவே கொதிக்க வையுங்கள். மாதிரி மட்டும் இல்லாத இந்தக் கரைசல்தான் பிளாங்க். பிறகு 510 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அதை வைத்துப் பூஜ்யம் செய்யுங்கள். பஃபரைப் புதிதாகக் கலக்கும்போதெல்லாம் ஸ்டாண்டர்டுகளையும் (இரும்பின் அளவு தெரிந்த கரைசல்கள்) புதிதாகப் போடுங்கள்.

கழிவுநீர் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்: சிஓடி சோதனையில் (நீரிலுள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜனை அளப்பது) மாதிரியைவிட பிளாங்க்குக்குத்தான் அதிக டைட்ரன்ட் (ப்யூரெட்டிலிருந்து சேர்க்கும் கரைசல்) போகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

தப்பே இல்லை. நீங்கள் டைட்ரேட் செய்வது, கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்தது போக மிச்சமிருக்கும் டைகுரோமேட்டை. பிளாங்க்கில் கரிமப் பொருள் கிட்டத்தட்ட இல்லை, அதனால் டைகுரோமேட் அப்படியே நிற்கும். 0.25 நார்மல் டைகுரோமேட் 10 மி.லி. சேர்த்தால், டைட்ரன்டான 0.1 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் 25 மி.லி.க்குப் பக்கத்தில் போக வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் முதலில் உங்கள் தண்ணீரையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் சந்தேகப்படுங்கள்.

பாஸ்பேட் அளப்பவர்: பிளாங்க்கே நீலமாகிறது.

நீலம் வந்தால் பாஸ்பேட் கலந்திருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்புத்தூளில் பாஸ்பேட் இருக்கிறதா பாருங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி, டிஸ்டில்டு வாட்டரில் பல தடவை கழுவுங்கள்.

ஆராய்ச்சி மாணவர்: பிளாங்க் எவ்வளவு வந்தால் என்ன சார், கழித்துவிட்டால் சரியாகிவிடுமே?

இந்த எண்ணம்தான் எனக்குக் கவலை தருகிறது. பிளாங்க் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணாக வருவதில்லை. சராசரியைக் கழிக்கலாம், அந்த ஆட்டத்தைக் கழிக்க முடியாது. பிளாங்க் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டமும் பெரிதாகவே இருக்கும். விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து, 1956-இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்ட அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன், அதற்கு முன் பல ஆண்டுகள் அமிலத்திலும் பாத்திரத்திலும் காற்றிலும் இருந்த ஈயத்தோடு போராடினார். கழித்துவிட்டுப் போகாமல், கலப்பு நுழையும் வழிகளைத் தேடித் தேடி அடைத்தார். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்.

அவரே மறுபடியும்: கழித்தபின் மைனஸில் வந்தால் பூஜ்யம் என்று எழுதலாமா?

கூடாது. குறைந்தது ஏழு பிளாங்க்குகளைத் தனித்தனியாகத் தயாரித்து அளந்து, திட்டவிலக்கத்தை (எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) மூன்றால் பெருக்குங்கள். அதைச் செறிவாக மாற்றினால் கிடைப்பது ஏறக்குறைய உங்கள் கண்டறியும் வரம்பு. அறிக்கையில் 'வரம்புக்குக் கீழே' என்று எழுதி, வரம்பையும் குறிப்பிடுங்கள். நோட்டில் மட்டும் அந்த மைனஸ் எண்ணை அழிக்காமல் வையுங்கள். மைனஸ் தொடர்ந்து வந்தால் பிளாங்க்கில் கலப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.