பகடை மேஜை: எவன்டா கட்டினான் இந்தப் படியை?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஐந்து பேருக்கு இரண்டு மாதமாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாக ஆடும் பகடை விளையாட்டு) நடத்துகிறேன். என் கற்பனை உலகத்துக்கு 8,000 ஆண்டு வரலாறு உண்டு. இரண்டு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் சொல்ல ஆரம்பித்தாலே ஆளாளுக்குப் போனை எடுத்துவிடுகிறார்கள். எப்படித்தான் சொல்வது?
- வாசகர், ஈரோடு

பதில்: நீங்களாவது நோட்டோடு நின்றீர்கள். நான் 32 பக்கம் டைப் அடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். முதல் வம்சம், இரண்டாம் வம்சம், டிராகன்கள் ஏன் உறங்கப்போயின, எல்லாம் அதில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் அதில் ஒரு பிரதி வாழைக்காய் பஜ்ஜிக்கு அடியில் கிடந்தது. கோபம் வந்தது. ஆனால் அவர்கள் மேல் தப்பில்லை. கையில் வாளைக் கொடுத்துவிட்டுப் பாடப்புத்தகத்தை நீட்டினால் யார்தான் பிரிப்பார்கள்?

அடுத்த கேம்பெயினை, அதாவது பல வாரம் தொடரும் கதையை, ஒரு மலையூரில் தொடங்கினேன். ஊருக்கு மேலே 18 படிகள், ஒவ்வொன்றும் இடுப்பு உயரம். ஊரார் வைத்த பெயர் ‘அரக்கன் படி’. வரலாறு பற்றி நான் வாயே திறக்கவில்லை. கீழேயிருந்து கோப்ளின் என்னும் குட்டிப் பிசாசுகள் அம்பு விட, எங்கள் ஆட்கள் அதில் ஏறித் தப்ப வேண்டியிருந்தது. ஒரு படி ஏற ஒரு ஆக்‌ஷன், அதாவது ஒருவரின் முறைக்கு ஒரு படிதான் என்று விதி வைத்தேன். காலில் அடிபட்ட டுவார்ஃபை (குள்ள இனத்துப் பாத்திரம்) ஒவ்வொரு படிக்கும் தூக்கிவிட வேண்டும். ஏழாவது படியில், வழக்கமாகப் புதையலில் எவ்வளவு தேறும் என்று மட்டும் கேட்கும் நண்பர் கத்தினார்: “எவன்டா கட்டினான் இந்தப் படியை?”

அதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனாலும் பதில் சொல்லவில்லை. படியின் விளிம்பில், கிணற்றுக் கல்லில் இருப்பதுபோல வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு டைஸை உருட்டினேன். அரக்கர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்ட இடம் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். ஊர்ப் பூசாரியும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து ஊரில் திருவிழா. குளம்கூட இல்லாத அந்த மலையில் பூசாரி வெறுந்தரையில் மீன்வலை வீசினார். ஏன் என்று கேட்டதற்கு, “எங்க தாத்தாவும் வீசினாரு” என்றார். அப்புறம் ஒருநாள் படி இடுக்கில் கத்தியை விட்டுக் குடைந்தவருக்குச் சிப்பி கிடைத்தது. மேஜையில் சத்தமே இல்லை. முதலில் பேசியவர் அந்தப் புதையல் நண்பர்தான்: “இது படியே இல்ல. கப்பலைக் கட்டிப்போடுற துறை.” பள்ளங்கள் கப்பல் கயிறு அறுத்த தடம். அப்படியென்றால் கடல் எங்கே போனது? கதையில் ஒரு மந்திரவாதி மலை உச்சியில் புதையல் அறையைத் தேடி இராப்பகலாகத் தோண்டிக்கொண்டிருந்தான். அது புதையல் அறை இல்லை, கடலை உள்ளே வைத்துப் பூட்டிய கதவு. அன்று இரவு பத்தரைக்குக்கூட யாரும் பைக் சாவியைத் தேடவில்லை.

இந்த யோசனை எனக்குக் கொற்கையில் கிடைத்தது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் அது. இன்று போய்ப் பார்த்தால் வயலும் வாழையும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

உங்கள் நோட்டிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். அது இன்றைக்கு அவர்கள் காலை இடறுகிற பொருளாக எங்கே கிடக்கிறது என்று யோசியுங்கள். மீதி 7,900 ஆண்டுகள் அவசரப்படாது.

இன்னொன்று, ஊர்க்காரர்கள் அதைத் தப்பாகச் சொல்லட்டும். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. கூடவே தமிழ் பிராமிக் கல்வெட்டும் இருக்கும். ஆனால் ஊரில் கேட்டால் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஃபெரோஸ் ஷா துக்ளக், இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து அசோகர் தூண் ஒன்றை டெல்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் இருந்த எழுத்தை அன்று படிக்க ஆளில்லை. பீமனின் கைத்தடி என்று ஒரு கதைதான் உலவியது. ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் அந்தப் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியது 1837இல். பழசு நம் கைக்கு வந்து சேருவது இப்படித்தான்: பொருள் நிஜம், பெயர் பொய். உங்கள் உலகத்தில் எல்லாக் கிழவர்களும் சரியான தேதியோடு வரலாறு ஒப்பித்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

கேள்வி: ஹிஸ்டரி செக்கில் (பழைய வரலாறு பாத்திரத்துக்குத் தெரியுமா என்று உருட்டிப் பார்ப்பதில்) டைஸ் குறைவாக விழுந்தால் எதுவுமே சொல்லக் கூடாதா? எங்கள் டிஎம் (கதையை நடத்துபவர்) உதட்டைப் பிதுக்குகிறார்.
- வாசகி, கோவை

பதில்: உதட்டைப் பிதுக்குவதில் யாருக்கு லாபம்? குறைவாக விழுந்தால் ஊர் வதந்தியைச் சொல்லலாம், அதிகமாக விழுந்தால் அந்த வதந்தியில் எங்கே ஓட்டை என்று சொல்லலாம். கதை நகர அவசியமான தகவலை மட்டும் டைஸ் கையில் கொடுக்கவே கூடாது.

அதைவிட முக்கியம், யார் உருட்டுகிறார் என்பது. இந்த விளையாட்டில் எல்ஃப் என்ற மாய இனம் 700 வயதைத் தாண்டி வாழும். டுவார்ஃப் ஏறத்தாழ 350. மனிதனுக்கு 500 ஆண்டுக்கு முந்தைய போர் என்றால் புராணம், எல்ஃபுக்கு அதில் அத்தை செத்துப்போயிருப்பாள். எல்ஃபாக ஆடுகிறவரிடம் துண்டுச்சீட்டில், ‘உன் அத்தை இந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுவாள்’ என்று எழுதிக் கொடுங்கள். கோயில் பூசகராக ஆடுகிறவருக்குக் கோயில் சொல்லும் கதை. இரண்டும் ஒத்துப்போகக் கூடாது. 2002இல் வந்த மாரோவிண்ட் வீடியோகேமில் செம்மலைப் போரைப் பற்றிக் கோயில் ஒன்று சொல்லும், நாடோடிகள் வேறொன்று சொல்வார்கள். எது உண்மை என்று விளையாட்டு கடைசிவரை தீர்ப்புச் சொல்லாது. எங்கள் செட்டில் அதற்காகச் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவர்கள் உண்டு.

கேள்வி: டார்க் சோல்ஸ் வீடியோகேம் மாதிரி வாள், மோதிரம் எல்லாவற்றிலும் நாலு வரி வரலாறு எழுதி வைத்தால் போதாதா?
- வாசகர், திருச்சி

பதில்: அதன் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி சிறுவயதில் தன் வயதுக்கு மீறிய புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். 2011இல் வந்த அந்த விளையாட்டிலும் அதே வேலையை நமக்கு வைத்தார். திரையில் சரி. வேண்டும்போது திறந்து மறுபடி படிக்கலாம். மேஜையில் நீங்கள் வாயால் சொன்ன நாலு வரி காபி வருவதற்குள் மறந்துவிடும். அதனால் கார்டில் எழுதிக் கையில் கொடுங்கள். நாலு வரி வேண்டாம், இரண்டு போதும். பின்பக்கத்தை வெற்றாக விடுங்கள். எங்கள் ஆட்கள் அங்கேதான் தங்கள் ஊகங்களைக் கிறுக்குகிறார்கள். அதில் இரண்டு, நான் யோசித்து வைத்திருந்ததைவிட நன்றாக இருந்ததால் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டேன். அவர்களுக்கு இன்னும் தெரியாது. அவர்கள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்களும் இல்லை.