எந்த கேங்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. டியூஷன் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தவனை ரோட்பிளாக்கில் நிறுத்திய போலீஸ்காரர், ஐசியைக்கூட (அடையாள அட்டை) பார்க்காமல் "எந்த கேங்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து பையன் இரவில் வெளியே போகவே தயங்குகிறான். நம் இளைஞர்கள் மீது போலீஸாரின் கண்ணோட்டம் மாற என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: கண்ணோட்டம் மாற வேண்டாம் அம்மா, முதலில் அது வரட்டும்.

இந்தச் சொல்லுக்காக இதே பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இயக்கங்கள் அனுப்பும் அறிக்கைகளில் "எங்கள் கண்ணோட்டத்தில்" என்று எழுதி எழுதி, அதை வெறும் பார்வை என்று ஆக்கிவிட்டார்கள். கண்ணோட்டம் என்றால் இரக்கம். எதிரில் நிற்பவரைக் கண்டதும் மனம் இளகுவது. திருக்குறளின் 58ஆவது அதிகாரம் அதுதான். அரசனுக்குச் சொல்லும் பொருட்பாலில் அது இருக்கிறது. அதற்கு முந்தியது வெருவந்த செய்யாமை, குடிமக்கள் நடுங்கும்படி நடக்காதே என்பது. பிந்தியது ஒற்றாடல், துப்பறிவது. துப்பறியும் வேலைக்குப் போகுமுன் இரக்கத்தைப் படித்துவிட்டுப் போகும்படி வள்ளுவர் வரிசை வைத்திருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

கண்ணைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நம் தாத்தா பாட்டிகள் போலீஸை "மாத்தா" என்றார்கள். மலாயில் மாத்தா என்றால் கண். தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கியவர் கங்காணி. அதுவும் கண்காணி என்ற சொல்தான். தோட்டத்துக்குள் ஒரு கண், வெளியே ஒரு கண், இரண்டுக்கும் பயந்து வாழ்ந்த மக்கள் நாம். அந்தப் பயத்தைச் சோற்றோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கும் ஊட்டினோம். "சாப்பிடு, இல்லாட்டி மாத்தா பிடிச்சிக்கிட்டுப் போயிடுவான்." என் அம்மா எனக்குச் சொன்னார், நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மூன்று வயதில் உள்ளே போன பயம், பதினேழு வயதில் டார்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்கும்போது வெளியே வருகிறது. வாய் குழறுகிறது, பார்வை தரைக்குப் போகிறது. எதிரில் நிற்கும் போலீஸ்காரரோ, இவன் எதையோ மறைக்கிறான் என்று நினைக்கிறார்.

அதற்காகப் பழியை நம் தலையில் போட்டுக்கொள்ள நான் தயாரில்லை. "நம்ம பசங்க ஒழுங்கா இருந்தா போலீஸ் ஏன் கேட்கப் போகுது" என்று எனக்கு எழுதும் பெரியவர்களே, உங்கள் பேரன் புத்தகப் பையோடு நிற்கும்போது அப்படிக் கேட்டாலும் இதையே சொல்வீர்களா? கேங் இருப்பது எனக்கும் தெரியும். அதில் சேர்ந்து செத்துப்போன பிள்ளையின் சாவுக்கும் போயிருக்கிறேன். ஆனால் எதிலும் சேராத பையனைப் பார்த்து "எந்த கேங்?" என்று கேட்பது, உன்னைப் போன்றவனுக்கு ஒரு கேங் இருக்கும் என்று அவனுக்கே சொல்லிக்கொடுப்பதுதான்.

சரி, என்ன செய்யலாம்? அந்த முதல் வாக்கியத்தை மாற்றலாம். "தம்பி, இங்கே திருட்டு மோட்டார் சோதனை நடக்குது, லைசென்ஸும் ஐசியும் காட்டுங்க." இவ்வளவுதான். ஏன் நிறுத்தினார்கள் என்று தெரிந்த பையன் பதறமாட்டான். பதறாதவன் ஓடமாட்டான். இருட்டில் நடுரோட்டில் நிற்கும் போலீஸ்காரருக்கும் அதில்தான் பாதுகாப்பு. கோலாலம்பூரில் இருக்கும் போலீஸ் பயிற்சி மையத்தில், துப்பாக்கி சுடப் பழக்குவதுபோல இதையும் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். அதுவும் நிஜமான 17 வயதுப் பையன்களை எதிரில் நிற்க வைத்து.

பள்ளிகளோடு தொடர்பு வைத்துக்கொள்ள காவல்துறையில் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் சபைகூடலில் மைக்கைப் பிடித்து எச்சரிப்பதைவிட, பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டால் எவ்வளவோ நல்லது. காவல்துறை ஆண்டுதோறும் போலீஸ் தினம் கொண்டாடும் மார்ச் 25, 1807இல் நீதிமன்றமும் போலீஸும் முறையாக அமைய வழிவகுத்த நீதி சாசனம் நம் பினாங்குக்குக் கிடைத்த நாள். இதையும் பினாங்கிலேயே தொடங்கட்டும்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. 18 வயது நிரம்பாதவரைக் கைது செய்தால் பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் அப்படிச் சொல்கிறது. சீருடை இல்லாமல் வருபவரிடம் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம். "சாயா டிதாங்காப் கா, துவான்?" (நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா, ஐயா?) என்று பணிவாகக் கேட்க மகனுக்குப் பழக்குங்கள். வழக்கறிஞர் மன்றம் இதையெல்லாம் ஒரு சிறிய சிவப்புக் கையேடாகவே போட்டிருக்கிறது. லைசென்ஸ் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அது இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அன்று இரவு அந்தப் போலீஸ்காரர் என்ன சொல்லியிருந்தால் தன் மனம் நோகாமல் இருந்திருக்கும் என்று மகனை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். அடுத்த இதழில் போடுகிறேன். அதை மலாயில் எழுதி, உங்கள் வட்டார போலீஸ் தலைவரிடம் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.