எந்தத் துறை என்பதற்கு முன், எந்த ஆபீஸ்

அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கும் நீங்கள் எழுதிய கடிதத்தில் மூன்று தரப்பினரின் விருப்பங்கள் கலந்திருக்கின்றன. நீங்கள் நீதிபதித் தேர்வு எழுத வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கார்ப்பரேட் பக்கம் போனால்தான் சம்பளம் என்பது விடுதித் தோழிகளின் கணக்கு. உங்களுக்கோ குற்றவியல் வகுப்பு ஒன்றுதான் அலுக்காமல் இருக்கிறது. இவற்றுள் எதைச் சிறப்புத் துறையாகக் கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டம் பெற்றபின் வரும் முதல் மூன்று ஆண்டுகளை எங்கே கழிப்பது என்பதைத்தான் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். துறை பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் வந்து சேர்கிறது.

அப்பாவின் ஆசையிலிருந்து தொடங்குகிறேன். கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் தேர்வு எழுதி நீதிபதி நாற்காலியில் அமரலாம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தால், அந்த வழி இப்போது நேராக இல்லை. உரிமையியல் நீதிபதி பதவிக்கு நேரடியாக விண்ணப்பிப்பவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று அளித்த தீர்ப்பில் மீண்டும் கொண்டுவந்தது. வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே இந்த அனுபவம் கணக்கிடப்படும் என்றும், நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராகப் பணியாற்றிய காலமும் சேரும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. விண்ணப்பிக்கும் நேரத்தில் தேர்வாணைய அறிவிக்கையை வரிவரியாகப் படித்துக்கொள்ளுங்கள். அதுவரை மூன்று ஆண்டுகள் என்றே திட்டமிடுங்கள்.

தோழிகளின் கணக்கு இங்கேதான் இடறுகிறது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49-ஆம் விதிப்படி, முழுநேரச் சம்பளப் பணியில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. வேலையில் சேர்ந்ததும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த இளைஞர் ஒருவர், ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இரண்டு ஆண்டுகள் ஒப்பந்தங்களைத் திருத்திக்கொண்டிருந்துவிட்டு, இன்னும் ஓராண்டு போனால் நீதிபதித் தேர்வு எழுதலாம் என்று நினைத்திருந்தார். அந்த இரண்டு ஆண்டுகளும் அவருக்குப் பயன்படவில்லை என்பதை அவரிடம் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வந்தது. நிறுவன வேலை மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றத்திலிருந்து நிறுவனத்துக்கு எந்த வயதிலும் போகலாம். அங்கிருந்து திரும்பி வருகிறவர் ஜூனியர் என்ற முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு சேர்வது வேறு, தெரியாமல் சேர்வது வேறு.

குற்றவியல் பிடிக்கிறது என்கிறீர்கள். உங்கள் தலைமுறைக்கு அதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. நாற்பது ஆண்டுகள் கொலைக்கு 302 என்றும் மோசடிக்கு 420 என்றும் பிரிவு எண் சொல்லிப் பழகிய சீனியர்கள் இன்று 103 என்றும் 318 என்றும் நினைவுபடுத்திக்கொள்கிறார்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், இரண்டு புத்தகங்களும் இன்னும் பல ஆண்டுகளுக்கு ஒரே மேசையில் இருக்கும். இரண்டையும் கரைத்துக் குடித்த ஜூனியர் எந்த ஆபீஸிலும் உதவாமல் போகமாட்டார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களில் இயங்கும் சட்ட உதவி தற்காப்பு வழக்கறிஞர் அமைப்பில், மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான அனுபவம் உள்ளவர்களையும் உதவி நிலையில் எடுக்கிறார்கள். ஜாமீன் மனுவும் சாட்சி விசாரணையும் தினசரி வேலையாகக் கிடைக்கும் இடம் அது.

ஆனாலும் முதல் ஆண்டில் கிரிமினல் வழக்குக் கட்டுகளை மட்டும் தொடும் ஆபீஸில் சேர வேண்டாம் என்பேன். ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டை ஒருமுறையாவது பிரித்துப் பாருங்கள். மூலப்பத்திரம் பழுப்பேறி மடிப்பில் கிழிந்திருக்கும். வில்லங்கச் சான்றில் ஒரு சர்வே எண்ணும் பட்டாவில் அதன் உட்பிரிவும் இருக்கும். நடுவில் ஒரு தங்கையின் பெயர் விடுபட்டிருக்கும். அவருக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டா? தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அந்த நாளுக்கு முன் திருமணமான மகள்களை விலக்கியிருந்ததால், ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகையே சாட்சி ஆவணமாயிற்று. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் 2020 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டன. இப்போது ஜூனியர் தேட வேண்டியது 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பத்திரம் ஏதேனும் இருக்கிறதா என்பதை. அந்த நாளுக்கு முன் முடிந்த பாகப்பிரிவினையை மத்தியத் திருத்தம் தொடுவதில்லை என்பதால், அண்ணன் அப்படி ஒரு பத்திரத்தை நீட்டினால் தங்கையின் வழக்கு அதோடு படுத்துவிடலாம். இப்படித் தேதி பார்த்துப் படிக்கப் பழகிய கண், முதல் தகவல் அறிக்கையில் சம்பவ நேரத்துக்கும் புகார் பதிவான நேரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தானாகவே பிடித்துவிடும்.

அறிவுசார் சொத்துரிமை பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். காப்புரிமை முகவர் தேர்வுக்கு அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும் என்பதால் பி.ஏ., எல்எல்.பி. படிப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது. வணிகச் சின்னம், பதிப்புரிமை வேலைகளுக்கு அந்தத் தடை இல்லை. எல்எல்.எம். படிப்பைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்; ஆசிரியப் பணியை நாடாதவருக்கு அதில் அவசரம் எதுவும் இல்லை.

பணத்தைப் பற்றி அப்பா கேட்காமல் கேட்டிருக்கிறார். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியது. எல்லா ஆபீஸிலும் அது கைக்கு வருகிறது என்று நான் உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன். பேருந்துக் கட்டணத்தோடு நிற்கும் இடங்களும் உண்டு. எனவே மூன்று ஆண்டுகளுக்கு வீட்டிலிருந்து எவ்வளவு தர முடியும் என்பதைத் தந்தையும் மகளும் உட்கார்ந்து இப்போதே பேசிவிடுவது நல்லது. பதிவுக் கட்டணத்துக்குப் பெரிய தொகை சேர்க்க வேண்டியதில்லை: சட்டம் குறிப்பிடும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வையும் நீங்கள் தேற வேண்டும். அதற்குக் கோச்சிங் தேவை என்று யாராவது சொன்னால், அவர் கோச்சிங் நடத்துகிறாரா என்று பாருங்கள்.

குடும்பத்தில் வழக்கறிஞர் இல்லை என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் வாய்ப்பு உங்கள் படிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாண்டு மாணவர்கள் மொத்தம் 20 வாரங்கள் உள்ளகப் பயிற்சி பெற வேண்டும். பலர் தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். உங்களிடம் மீதமிருக்கும் வாரங்களை உங்கள் ஊரின் சார்பு நீதிமன்றத்தில் இரண்டு ஆபீஸ்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். நல்ல ஆபீஸ் என்றால் சிவில், கிரிமினல், மோட்டார் வாகன விபத்து, செக் வழக்கு எல்லாம் கலந்து வருவதாகவும், சீனியர் கட்டை உங்கள் கையில் தந்து படிக்கச் சொல்பவராகவும் இருக்க வேண்டும். நம் ஊர் வழக்கறிஞர் ஆபீஸ்கள் மாலை ஆறு மணிக்குமேல்தான் சூடுபிடிக்கும். இரவு ஒன்பதரைக்கு எப்படி வீடு திரும்புவீர்கள் என்பதை அப்பா நேரில் வந்து பார்த்துத் திருப்தி அடைந்தபின் சேர்வது இரண்டு பேருக்கும் நிம்மதி.

அங்கே சீனியரிடம் எதையும் கேட்பதற்கு முன், நீதிமன்ற வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் அவருடைய ஜூனியர்களிடம் பேசுங்கள். கடைசியாக எப்போது தாங்களே எழுந்து ஒரு சாட்சியை விசாரித்தார்கள் என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஜூனியரும் வாய்தா வாங்கியதை மட்டுமே சொன்னால், அடுத்த ஆபீஸைப் பாருங்கள்.