சோள மாவைக் கீழே வையுங்கள்: இத்தாலிய ஹாட் சாக்லேட், கேள்வி-பதில்

சொக்கொலாத்தா கால்தா எனப்படும் கெட்டியான இத்தாலிய ஹாட் சாக்லேட் பற்றிச் சென்ற முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி 'கெட்டியாகவே இல்லை' என்கின்றன. மீதியில் பாதி 'கரண்டியைப் பிடுங்க முடியவில்லை' என்கின்றன. அளவை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்: அரை லிட்டர் பால், 100 கிராம் டார்க் சாக்லேட், 20 கிராம் கோகோ, 20 கிராம் கார்ன் ஃப்ளார், 40 கிராம் சர்க்கரை. சின்னக் கோப்பையில் நாலு பேருக்கு வரும். இனி கேள்விகள்.

கே: நீங்கள் சொன்னபடியேதான் செய்தேன். சரியாக வரவில்லை. ஏன்?

ப: என்ன வரவில்லை? தண்ணீராக ஓடியதா, கட்டி தட்டியதா, அடிப்பிடித்ததா? எந்த சாக்லேட், எவ்வளவு பால்? 'உடம்பு சரியில்லை, மருந்து அனுப்புங்கள்' என்று தபால் அட்டையில் கேட்டால் எந்த வைத்தியர் பதில் போடுவார்? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: சாக்லேட்டைக் கூடுதலாகவே போட்டேன். அப்படியும் பால் மாதிரிதான் இருக்கிறது. கார்ன் ஃப்ளார் கரைத்து ஊற்றி, ஆவி வந்ததும் இறக்கிவிட்டேன்.

ப: பதிலை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். கார்ன் ஃப்ளார் துகள் 65, 70 டிகிரி வாக்கில்தான் ஊதவே தொடங்கும். முழுக்கக் கெட்டிப்பட 95 டிகிரி வரை போயாக வேண்டும். ஆவியை நம்பாதீர்கள், குமிழ் வெடிக்கட்டும். வெடித்த பிறகும் சிறு தீயில் ஒரு நிமிடம் கை விடாமல் கிண்டுங்கள். இல்லாவிட்டால் கெட்டியும் வராது, நாக்கில் பச்சை மாவு வாடையும் போகாது. சாக்லேட்டை அள்ளிப் போட்டால் சுவை கனக்கும், பர்ஸ் இளைக்கும். இத்தாலியக் கெட்டி என்பது மாவுச்சத்து தருகிற கெட்டி.

கே: திரிதிரியாகக் கட்டி தட்டுகிறது.

ப: சூடான பாலில் மாவைத் தூவினீர்கள், வேறென்ன. மாவுக் கட்டியின் வெளிப்பக்கம் உடனே வெந்து உறையாகிவிடும், உள்ளே ஈரம் போகாது. கோகோ, சர்க்கரை, கார்ன் ஃப்ளார் மூன்றையும் உலர்ந்தபடியே கலந்து சலியுங்கள். எடுத்து வைத்த குளிர்ந்த பாலில் கொஞ்சம் விட்டுக் குழையுங்கள், பிறகு மீதிப் பால். குளிர்ந்த பாலில் கரைப்பது, கொதி வரவிடுவது: இந்த இரண்டையும் தவறாமல் செய்தால் எனக்கு வரும் கடிதங்கள் பாதியாகக் குறையும்.

கே: சோள மாவு 20 கிராம்தான் போட்டேன். மஞ்சளாக, நறநறவென்று, அடியில் மணல் போலத் தங்குகிறது. நல்ல சாக்லேட் வீணாகிவிட்டது. உங்கள் அளவு தப்பா?

ப: அளவு தப்பில்லை அம்மா, மாவுதான் தப்பு. இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே திட்டிக்கொள்கிறேன்.

கார்ன் ஃப்ளாரை 'சோள மாவு' என்று மொழிபெயர்த்த புண்ணியவான் யாரோ, சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் இன்றுவரை அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். முதலில், சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு. இரண்டாவது, மக்காச்சோளத்தை முழுசாக அரைத்தால் கிடைப்பது மாவு. அதில் மஞ்சள் நிறம், புரதம், நார் எல்லாம் உண்டு. நமக்கு வேண்டியது அந்தத் தானியத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்து. ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது: பிரிட்டிஷ்காரர் கார்ன் ஃப்ளார் என்றால் மாவுச்சத்து, அமெரிக்கர் அதே சொல்லைச் சொன்னால் அரைத்த மாவு. அவர்கள் மாவுச்சத்தை கார்ன் ஸ்டார்ச் என்பார்கள். இத்தாலியர் தெளிவாக இருக்கிறார்கள். 'அமிதோ தி மாய்ஸ்' என்றால் மாவுச்சத்து, 'ஃபரீனா தி மாய்ஸ்' என்றால் அரைத்த மாவு. பின்னதைப் பாலில் கிண்டினால் பொலெந்தா என்ற இத்தாலிய மக்காச்சோளக் களியின் தூரத்து உறவுதான் கிடைக்கும். உங்களுக்குக் கிடைத்ததும் அதுதான்.

பொட்டலத்தின் பெயரை விடுங்கள், கையால் பாருங்கள். மாவுச்சத்து சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும், இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் கிறீச்சென்று நெரியும். தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் இறுகிப் படியும், கரண்டி போட்டால் எதிர்க்கும். மஞ்சளாக இருந்தாலோ தானிய வாசனை அடித்தாலோ கீழே வையுங்கள். நானும் ஒரு முறை விருந்தாளிகளை உட்காரவைத்துவிட்டு அவசரத்தில் டப்பாவை மாற்றி எடுத்தவன்தான். அன்று எல்லோரும் வெறும் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

'கஸ்டர்டு பவுடர் போடலாமா' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது பெரும்பாலும் நிறமும் வனிலா வாசனையும் சேர்த்த கார்ன் ஃப்ளார்தான். கெட்டியாகும், ஆனால் சாக்லேட்டுக்கு மேல் வனிலா கத்தும்.

கே: உருளைக்கிழங்கு ஸ்டார்ச்?

ப: தாராளமாக. இத்தாலியிலும் போடுகிறார்கள், ஃபெக்கொலா என்பார்கள். பளபளப்பு கூடும். ஆனால் இது குறைந்த சூட்டிலேயே கெட்டியாகும், அதிக நேரம் கொதித்தால் இளகிவிடும். கெட்டியானதும் இறக்குங்கள். ஒரு நிமிடக் கொதி என்ற என் சட்டம் கார்ன் ஃப்ளாருக்கு மட்டும்.

கே: டிரிங்கிங் சாக்லேட் பவுடரும் கோகோவும் ஒன்றுதானே?

ப: இல்லை. முன்னதில் சர்க்கரைதான் அதிகம். டப்பாவின் பின்பக்கம் படியுங்கள்.

கே: ஒரு கோகோ வெளிறிப் புளிக்கிறது, இன்னொன்று கருத்து மென்மையாக இருக்கிறது. எது நல்லது?

ப: வெளிறியது இயற்கைக் கோகோ. கருத்தது காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது, டச்சு கோகோ என்பார்கள். 1828-ல் கோகோவிலிருந்து வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் அழுத்தும் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கிய வான் ஹூட்டன் குடும்பத்தின் வேலைதான் இதுவும். இந்தப் பானத்துக்கு நான் டச்சு பக்கம். புளிப்பு பிடிக்குமென்றால் மற்றது.

கே: சாக்லேட்டைத் தனியாக உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து களிமண் மாதிரி ஆகிவிட்டது. தூக்கி எறிந்தேன்.

ப: ஏன் எறிந்தீர்கள்! ஒரு சொட்டு பட்டால்தான் இறுகும். சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது. சூடான பாலை நிறைய ஊற்றிக் கிண்டியிருந்தால் தானாக நெகிழ்ந்திருக்கும். அதிருக்கட்டும், தனியாக உருக்கச் சொன்னது யார்? பால் கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டு, நறுக்கிய சாக்லேட்டை அதிலேயே போடுங்கள்.

கே: மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்தேன். முதல் பாத்திரம் மறுநாள் புட்டிங் மாதிரி இறுகியிருந்தது, சின்னக் கிண்ணத்தில் வைத்தது மட்டும் தண்ணீர் விட்டிருந்தது. இரண்டும் ஒரே கலவை!

ப: அருமையான கேள்வி, இப்படி எழுத வேண்டும். சின்னக் கிண்ணத்தில் யாரோ வாயில் வைத்த ஸ்பூனைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்பது என் ஊகம். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும், ராத்திரி முழுக்க அதற்கு நேரம் இருந்திருக்கிறது. வீட்டில் விசாரியுங்கள். இறுகியதைக் கொஞ்சம் பால் விட்டு, சிறு தீயில் விஸ்க்கால் அடித்தால் பழைய பதம் வரும். மேலே ஏடு படியாமலிருக்க, தாளைப் பரப்பின் மீதே ஒட்டி மூடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

கே: ஆரஞ்சுச் சாறு சேர்க்கலாமா?

ப: புளிப்பு மாவுச்சத்தை இளக்கும், பாலையும் திரிக்கும். தோலைத் துருவிப் போடுங்கள்.

கே: வெள்ளை சாக்லேட்டில் இதே அளவு போதுமா?

ப: போதாது. அதில் கோகோத் தூள் கிடையாது, கோகோ வெண்ணெய் மட்டும்தான். கார்ன் ஃப்ளாரை ஐந்து கிராம் கூட்டுங்கள், சர்க்கரையை விட்டுவிடுங்கள். குளிர்ந்த பாலில் கரையுங்கள், மறக்காதீர்கள்.

கே: தூரினில் 'பிச்சரீன்' குடித்தேன். அதுவும் இதுதானா?

ப: பாதி இது. எஸ்பிரெஸ்ஸோ, சாக்லேட், மேலே க்ரீம் என்று கண்ணாடித் தம்ளரில் அடுக்கடுக்காக வரும். தூரின் இருக்கும் பியெமொன்தே வட்டாரத்தின் மொழியில் அந்தப் பெயருக்கே சின்னத் தம்ளர் என்றுதான் பொருள். அதே பெயரில் அங்கே 1763-லிருந்து ஒரு காபிக் கடை இருக்கிறது. கலக்காமல்தானே குடித்தீர்கள்?

கே: இதைக் குடிப்பதா, ஸ்பூனால் சாப்பிடுவதா?

ப: ஸ்பூன் வைத்துத்தான் கொடுப்பார்கள். முதல் பாதிக்கு ஸ்பூன், பிறகு உங்கள் இஷ்டம்.