பாட்டியின் ஆண்டும் சான்றிதழின் ஆண்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்பத்தின் பழைய கதைகளைப் பாட்டி சொல்லச் சொல்ல அலைபேசியில் பதிவுசெய்து வருகிறேன். பாட்டிக்கு 84 வயது. "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "சொல்ல என்ன இருக்கு" என்று முடித்துவிடுகிறார். தன் திருமணத்துக்கு முன்பே கொள்ளுத்தாத்தாவின் வேலை போய்விட்டது என்கிறார். பாட்டியின் தம்பியான சின்னத் தாத்தாவோ, திருமணத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் என்கிறார். கிடைத்திருக்கும் பணிச் சான்றிதழின்படி சின்னத் தாத்தா சொல்வதே சரி. பாட்டியிடம் இதைக் காட்டித் திருத்தலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

திருத்த வேண்டாம். சான்றிதழின் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி சொன்னதையும் சொன்னபடியே அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இத்தாலியின் டெர்னி நகரில், நாடு நேட்டோவில் சேர்வதை எதிர்த்து 1949 மார்ச்சில் நடந்த போராட்டத்தின்போது, லூய்ஜி ட்ராஸ்டுல்லி என்ற இளம் எஃகு ஆலைத் தொழிலாளி காவல்துறையுடனான மோதலில் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் அந்நகரத்தாரின் நினைவுகளைப் பதிவுசெய்த ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லியிடம், பலர் அந்தச் சாவு 1953இல் ஆலையின் பெரும் ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் நிகழ்ந்ததாகவே சொன்னார்கள். முதியவர்களின் மறதி என்று அவர் அதை ஒதுக்கவில்லை. தங்கள் வாழ்வைப் புரட்டிப்போட்ட வேலையிழப்போடு சேர்ந்தபோதுதான் தோழரின் சாவு அவர்களுக்குப் பொருள்பட்டது என்றும், சாவு நிகழ்ந்தபோது பதிலடி கொடுக்க முடியாமற்போன அவமானமும், அதைப் பிந்தைய போராட்டத்தோடு சேர்த்து நினைத்ததில் சற்றுத் தணிந்தது என்றும் அவர் விளங்கிக்கொண்டார்.

உங்கள் பாட்டியின் நினைவில் தந்தையின் வேலையிழப்பு திருமணத்துக்கு முன்னால் நகர்ந்திருக்கிறதென்றால், அந்தத் திருமணம் ஏதோ நெருக்கடியில் முடிவானதாக அவர் உணர்ந்திருக்கலாம். ஊகம்தான், ஆனால் விசாரித்துப் பார்க்கத் தகுந்த ஊகம். எனவே ஆண்டைக் கேட்காமல், மாப்பிள்ளையை யார் பார்த்தார்கள், செலவை யார் ஏற்றார்கள், அப்போது வீட்டில் யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

"சொல்ல என்ன இருக்கு" என்ற பதிலுக்குக் காரணம், கேள்வி அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பது. முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருபவை ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்ச்சிகள் என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்டது, அங்கிருந்து தொடங்குங்கள். 12 வயதில் பாட்டி இருந்த வீட்டை ஒரு தாளில் நீங்களே வரையுங்கள், தப்பாகவே வரையுங்கள். "அங்கே ஏது கதவு?" என்று தாளைப் பிடுங்கிக்கொள்பவர், எந்த அறையில் யார் படுத்தார்கள், எந்த அறைக்குள் பிள்ளைகள் போகக் கூடாது என்பதையெல்லாம் கேட்காமலே சொல்லிவிடுவார். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பாதி விஷயம் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

அக்காவையும் தம்பியையும் முதலில் தனித்தனியே உட்கார வையுங்கள். ஒன்றாக இருந்தால், குரல் ஓங்கியவரின் கதையே இருவரின் கதையாகிவிடும். பின்னர் சேர்த்து வைத்துக் கேட்கலாம். அப்போது எழும் சச்சரவையும் விடாமல் பதிவுசெய்யுங்கள்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதியையும் பேசுபவரின் பெயரையும் உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். அலைபேசியைத் தவிர வேறிரண்டு இடங்களிலாவது பிரதி இருக்கட்டும். "இதை அணைத்துவிடு" என்று பாட்டி சொன்னால் அந்தக் கணமே அணைத்துவிடுங்கள். அவர் சம்மதிக்காத எந்தப் பகுதியையும், எவ்வளவு சுவையாக இருந்தாலும், உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.