வாளும் வல்லயமும் துடுப்பும்: கதைக்காரர்களுக்குக் கேள்வி பதில்

மாயக்கதை எழுதுகிறவர்கள், கதாபாத்திரம் வரைகிறவர்கள், பிடித்த பாத்திரம் போல வேஷம் கட்டுகிறவர்கள் என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். வாள், ஈட்டி, கட்டாரி என் பாடு. மந்திரமும் டிராகனும் உங்கள் பாடு.

திருவட்டாறு: அண்ணாச்சி, என் கதாநாயகனின் வாள் பதினைந்து கிலோ என்று எழுதியிருக்கிறேன். சரியாக இருக்குமா?

காலி கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய அந்த எடைதான். அதைச் சுழற்றி ஒருவனை வெட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். ஒரு கை வாள் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ. ஐரோப்பாவில் இரண்டு கையாலும் பிடித்த பெரிய போர்வாள்கள்கூட மூன்று கிலோவை ஒட்டித்தான். வாளை வீசுவது சுலபம், வீசியதை நிறுத்தித் திரும்ப எடுப்பதுதான் பாடு. கனமான வாள்தான் வேண்டுமென்றால் அது மந்திரக் கனமாக இருக்கட்டும். அதற்கு அவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதையும் எழுதுங்கள்.

மார்த்தாண்டம்: முதுகில் வாள் தொங்குகிற மாதிரி ஒரு வீரனை வரைந்திருக்கிறேன். எப்படி இருக்கிறது?

படம் அழகு. ஆனால் அவன் அந்த வாளை உருவவே முடியாது. ஒரு மீட்டர் நீள அளவுகோலை முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு இழுத்துப் பாருங்கள். கை முழுக்க நீண்ட பிறகும் நுனி உறைக்குள்தான் இருக்கும். நடைப்பயணத்தில் முதுகில் சுமக்கட்டும், சண்டைக்கு முன் கழற்றிக் கையில் எடுக்கட்டும். இல்லையென்றால் இடுப்பு.

தக்கலை: வரைவதற்கு நிஜ ஆயுதங்களைப் பார்க்க வேண்டும். சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

தக்கலையில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! பத்மநாபபுரம் அரண்மனை உங்கள் வாசலில். அங்கே வாளும் கேடயமும் காட்சிக்கு இருக்கின்றன. இடம் நம்ம மாவட்டம், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. நவராத்திரிக்கு முன்னால் சாமி சிலைகள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது உடைவாள் கைமாற்றம் நடக்கும். அதைக் கட்டாயம் பாருங்கள். வெட்டுவதற்காக அல்லாமல் அதிகாரத்தின் அடையாளமாக ஒரு வாளை மனிதர்கள் எப்படி ஏந்துகிறார்கள், தோளும் கழுத்தும் எப்படி மாறுகின்றன என்பது அங்கே தெரியும். அரசவைக் காட்சி வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அப்புறம், ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போயிருப்பீர்களே? வல்லயத்தை, அதாவது சாமியின் ஈட்டியை, கும்பிட மட்டும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதன் நீளத்தையும், ஏந்துகிறவர் எந்த இடத்தில் பிடிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். கேட்காமல் தொட வேண்டாம்.

சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகம். ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த இரும்பு ஆயுதங்களும் தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்தவையும் அங்கே உண்டு. தஞ்சைக் கட்டாரிகளில் சிலவற்றுக்கு விரல்களை மூடுகிற கவசம் இருக்கும், அலகு ஐரோப்பாவிலிருந்து வந்ததாக இருக்கும். வெளிநாட்டு அலகுக்கு உள்ளூர்ப் பிடி! ஒரு கதைக்கு இது போதாதா?

நாகர்கோவில்: தல்வார் என்கிற வளைந்த வாளைப் பிடித்த கை எப்படி வரைந்தாலும் செயற்கையாக வருகிறது.

கைப்பிடியை நீளமாக வரைந்திருப்பீர்கள். நிஜத்தில் அது சின்னது. நான்கு விரல் நெருங்கி அமர்ந்தால் இடம் முடிந்துவிடும். அடியில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. மணிக்கட்டை அதிகம் மடக்கினால் அந்தத் தட்டு கையில் இடிக்கும். அதனால் மணிக்கட்டு பூட்டினாற்போல நிற்கும், தோளிலிருந்து இழுத்து அறுக்கிற வெட்டுதான் இயல்பாக வரும். உங்கள் படத்தில் அவன் மெல்லிய குத்துவாளைப் போல நேராக நீட்டிக் குத்துகிறான். கையைக் குறை சொல்லாதீர்கள், வீச்சை மாற்றுங்கள்.

கருங்கல்: தாத்தா காலத்து வாள் ஒன்று பரணில் கிடந்தது. ஒரே துரு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு அதைப் பார்த்து வரையலாம் என்றிருக்கிறேன்.

தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். புளிப்பு இரும்பைத் தின்னும், உப்புத்தாள் அலகின் மேலிருக்கும் பழைய வேலைப்பாட்டைத் தின்னும். உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகப் பூசி, தோல் உறையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றுக்குத் தோல் உறையும் ஒரு எதிரி. நூறு வருஷம் தாண்டியிருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ நினைக்கும் முன் தொல்லியல் துறையில் கேளுங்கள்.

குலசேகரம்: என் நாயகி இரண்டு கையிலும் சுருள்வாள். எதிரிகளின் வாளைத் தடுத்துத் தடுத்து அடிக்கிறாள்.

சுருள்வாளால் தடுக்க முடியாது, அது சாட்டை மாதிரி வளைகிற மெல்லிய அலகு. அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் தொய்ந்து காலடியில் விழும். அதனால் ஒரு கையில் கேடயம் கொடுங்கள். இன்னொன்று, அவள் சுழற்றும்போது பக்கத்தில் தோழர்கள் யாரும் நிற்க முடியாது. எப்போதும் தனியாகவே சண்டை போட வேண்டிய பெண் என்றால் அவள் குணத்தில் பாதியை ஆயுதமே எழுதிக் கொடுத்துவிட்டது.

இரணியல்: குளச்சல் போரை மாயக்கதையாக எழுதுகிறேன். கடற்கரையில் டச்சுத் தளபதி டி லனாயோடு வாள் சண்டை வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் 1741 அது. துப்பாக்கியும் பீரங்கியும் வந்துவிட்ட காலம். டச்சுக்காரர்கள் ஆகஸ்ட் 10ஆம் தேதி தோற்றார்கள். பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையையே பயிற்றுவித்தார். 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். எதிரி ஒருவன் வாழ்நாள் முழுக்க இந்தப் பக்கம் நின்றுவிட்டான். வாள் சண்டையைவிட இது பெரிய கதை இல்லையா?

குளச்சல்: துடுப்பை விட்டுவிட்டீர்களே அண்ணாச்சி! எங்கள் ஆட்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்து வரிசையாக நின்றுதானே டச்சுக்காரனை மிரட்டினார்கள்?

மணவாளக்குறிச்சி: அது கட்டுக்கதை. துடுப்புக்கு அகன்ற தட்டு இருக்கும். எவன் அதைத் துப்பாக்கி என்று நம்புவான்?

குளச்சல்: சினிமாவில் பார்த்த படகுத் துடுப்பைச் சொல்கிறீர்கள். கட்டுமரத்துத் துடுப்பு நீளமான ஒடுக்கப் பலகை மக்கா. கடற்கரைக்கு வந்து பாருங்கள்.

இந்தச் சண்டைக்கு மட்டும் இன்று பாதி நேரம் போய்விட்டது. சரி, என் பங்குக்கும் சொல்கிறேன். இது கரையோர மக்கள் வாய்வழியாகச் சொல்லி வருகிற கதை. ஆவணம் கேட்டுக் கதைக்காரர்கள் நிற்க வேண்டியதில்லை, ஆனால் காட்சியை நம்பும்படி அமைக்க வேண்டும். குளச்சலில் கடல் மேற்கும் தெற்குமாகக் கிடக்கிறது. கப்பலில் இருப்பவன் கரையைப் பார்த்தால் காலை வெயில் அவன் கண்ணில் அடிக்கும், கரையில் நிற்பவர்கள் கறுப்பு உருவங்களாகத்தான் தெரிவார்கள். மரமா இரும்பா என்று யார் கண்டார்? மத்தியானத்தில் வைத்தால் மணவாளக்குறிச்சிக்காரர் சொல்வது சரி. போதாக்குறைக்கு ஆடிக் கடல், கப்பல் ஆடும், தொலைநோக்கியும் ஆடும். வரைகிறவர் யாராவது இதை வரைந்தால் இருவருமே வாயை மூடுவார்கள்.

அஞ்சுகிராமம்: என் வில்லனின் கோடாரி இருபது கிலோ...

முதல் பதில்.

களியக்காவிளை: வேஷம் கட்ட ஆன்லைனில் நிஜ வாள் வாங்கலாமா?

வேண்டாம். கூர்மையான வாள் என்றால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் குறுக்கே வரும், கூட்டத்தில் யார் கையிலாவது கீறும். ஃபோம் ஷீட்டில் வெட்டி, வெள்ளி வர்ணம் அடித்து, ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு தேயுங்கள். புகைப்படத்தில் ஸ்டீலைவிட நன்றாக வரும்.

பூதப்பாண்டி: ஏ.ஐ. வரைந்த படத்தில் ஆயுதம் சரியா என்று பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். நீங்கள் வரைந்ததை அனுப்புங்கள், கோணலாக இருந்தாலும் பார்க்கிறேன்.

நாகர்கோவில், இன்னொருவர்: கள்ளியங்காட்டு நீலிக்கு என்ன ஆயுதம் கொடுக்கலாம்?

எதையும் கொடுக்காதீர்கள். நீலி கதையில் மந்திர வாள் அவள் பழிவாங்கத் துரத்துகிற செட்டியிடம்தான் இருக்கும். பேசியே அதை அவன் கையிலிருந்து இறக்க வைப்பாளே, அங்கேதான் அவள் பலம். கையில் சூலத்தைக் கொடுத்தால் நூற்றோடு நூற்றொன்றாவது பேயாகிவிடுவாள். வில்லுப்பாட்டில் ஒருமுறை முழுசாகக் கேளுங்கள்.

கொல்லங்கோடு: எங்கள் வீட்டிலும் பழைய கத்தி ஒன்று இருக்கிறது. எலுமிச்சம்பழம் தேய்த்து...

தேய்க்காதீர்கள்!

தேங்காய்ப்பட்டணம்: டிராகனை ஈட்டியால் குத்த வேண்டும். செதிலில் எந்த இடம் பலவீனம்?

டிராகன் உங்கள் பாடு என்றேனே. ஈட்டியை மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் நீளமாக வையுங்கள்.